சிவப்பு நூல் கட்டிய நாற்றுகள்

மாத்தளையிலிருந்து கண்டி வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழகம் வரை ஓடும் காலை எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவனுக்கு நிம்மதி கிடையாது. நிற்பவர்களின் பைகளெல்லாம் அவன் மடிக்குத்தான் வரும். யாரும் கேட்டுவிட்டு வைப்பதில்லை, வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். எட்டாம் வகுப்போடு புறப்பட்டு, வில்கமுவயில் வயல் வேலை, சீகிரியாவில் ஹோட்டல் வேலை என்று திரிந்த நான், பல்கலைக்கழகத்துப் புத்தகங்களைச் சுமந்தது இப்படித்தான்.

அன்று எனக்குக் கண்டியில் லொறிக்கு மூட்டை ஏற்றும் வேலை. நேரத்துக்கு வந்து நிற்பவனைத்தான் மேஸ்திரி எடுப்பார். அதற்கு முன் பல நாள் மழை, வேலை இல்லை. இதையும் விட்டால் மறுபடி ஊர் மாற வேண்டியதுதான்.

பஸ் ஸ்டாண்டை விட்டு நகரும்போது ஓடிவந்து ஏறிய மாணவி ஒருத்தி, என் மடியில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தாள். உள்ளே யோகட் கப்புகளில் நெல் நாற்றுகள். பாதி பச்சையாக நின்றன. சிவப்பு நூல் கட்டிய பாதி, தலை தொங்கிக் கிடந்தன.

"அண்ணா, சிவப்பு நூல் கட்டுனதுக்கு மட்டும் தண்ணி ஊத்தீராதீங்க. இன்னைக்குத்தான் பாத்து மார்க்ஸ் போடுறாங்க."

காரணம் சொல்வதற்குள் கூட்டம் அவளை முன்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

என் பக்கத்தில் மாத்தளை மிளகு வியாபாரி ஒருவர், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற வழக்கப்படி எனக்கு 'நானா'. பேராதனை ஆஸ்பத்திரியில் இருக்கும் மச்சானைப் பார்க்கப் போகிறவர். இளகிய மனசுக்காரர் என்பது அக்குறணை தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. வாடிய நாற்றைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுப்பார். நான் கப்புகளைக் கையால் மூடிக்கொள்வேன்.

"பாவம் தம்பி. ஒரு வாய் தண்ணி."

"வேணாம் நானா. அந்தப் புள்ள ஊத்த வேணாம்னு சொல்லிச்சு."

"அது படிக்கிற புள்ள. அதுக்கு பயிரப் பத்தி என்ன வெளங்கும்?"

கண்டி வந்தது. முன்பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். பஸ்ஸில் போட்டிருந்த சிங்களப் பாட்டில் என் குரல் கரைந்துபோனது. இறங்கியவர்களைவிட அதிகம் பேர் ஏறினார்கள். பெட்டியை நானாவிடம் கொடுத்துவிட்டு இறங்கலாமென்று பாதி எழுந்தேன். அவர் ஆசையோடு இரண்டு கையையும் நீட்டினார். தொடைகளுக்கு நடுவே போத்தல். மூடியை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார்.

உட்கார்ந்துவிட்டேன்.

ஜன்னல் வழியே கண்டி பின்னால் போனது, மேஸ்திரியையும் சேர்த்துக்கொண்டு. கண்டக்டர் என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, மிச்சத் தூரத்துக்குக் காசு கேட்காமல் நகர்ந்தார். நானா மட்டும், "தம்பி கெம்பஸுக்கே படிக்க எடுபட்டாச்சு போல," என்று பின் சீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

பல்கலைக்கழகத்தடியில் இறங்கிப் பெட்டியைக் கொடுத்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"நல்லா வாடியிருக்குண்ணா," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. தண்ணீர் இல்லாமல் எது எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற சோதனையாம். சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

கண்டிக்குத் திரும்பிய பஸ்ஸில் இடமில்லை, நின்றேன். என் கையில் மிச்சமிருந்தது மதியச் சோற்றுப் பார்சல் ஒன்றுதான். உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அதை வாங்கி மடியில் வைக்கக் கை நீட்டினார்.

பரவாயில்லை ஐயா என்று நானே வைத்துக்கொண்டேன்.