பரவாயில்ல மேடம்

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த மனநல ஆலோசகரின் அறை. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், அண்ணன் வீட்டில் இருந்தார். "வாயை மூடிக்கிட்டு கேக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று அண்ணி கேட்பாள். "மூடி வைக்கறதுக்குத்தான் அண்ணி அத்தனை வருஷம் ஆச்சு" என்பார் இவர்.

வருகிறவர்களுக்கு அவர் புத்தி சொல்வதில்லை. அதற்கு அவரவர் வீட்டிலேயே ஆள் இருப்பார்கள். என்ன நடந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். யாராவது அழுதால் டிஷ்யூவை எடுத்து நீட்டமாட்டார். கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருப்பார். நீட்டினால், அழுதது போதும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அழகு நிலையம் நடத்தும் ஒரு பெண்ணை அவரிடம் அனுப்பியது பல் டாக்டர். தாடை வலி என்று போயிருக்கிறாள். பல்லில் கோளாறு இல்லை, தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறாள். வீட்டில் கணவன், மாமியார், பிறகு தங்கை. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று புருஷனோடும் குழந்தையோடும் வந்த தங்கை, இரண்டு வருஷமாகக் கூடத்தை விட்டு நகரவில்லை.

"பாவம் மேடம், அவளுக்கு யார் இருக்கா? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

ஆலோசனைக்கு வருகிறவர்களில் அவளைப் போல ஒருத்தி கிடைப்பது அபூர்வம். நேரத்துக்கு முன்பே வந்துவிடுவாள். சொன்னதையெல்லாம் செய்வாள். "இங்க வந்தாலே பாதி சரியாயிடுது மேடம்" என்பாள். ஆனால் தாடை மட்டும் வலித்துக்கொண்டே இருந்தது. ஆலோசகருக்குச் சில வாரம் மனசு குளிர்ந்துதான் போயிருந்தது. பிறகுதான் உறைத்தது: இவள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த வரிசையில் நானும் ஒரு ஆள்.

அடுத்த வாரம் அவரே ஒரு பிசகு செய்தார். ஒரே மணி நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார். உள்ளே வேறொருவர் பேசிக்கொண்டிருக்க, அழகு நிலையக்காரி மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தாள். மறுமுறை வந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"நான் போன் பண்ணிட்டு வந்திருக்கணும் மேடம். என் தப்பு."

"தப்பு என்னோடது. கடையைப் பூட்டிட்டு வந்து வெயில்ல படியில நின்னீங்க. அப்ப என்ன தோணிச்சு?"

"பரவாயில்ல மேடம்."

"பரவாயில்லன்னு தோணிச்சா?"

அவள் சிரித்தாள். ஆலோசகர் சிரிக்கவில்லை. சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் நின்று பார்த்துவிட்டு இறங்கியது.

"இங்கயும் எனக்கு இடமில்லன்னு தோணிச்சு" என்றாள். குரல் ஓங்கிவிட்டது. "உங்களுக்கும் நான் நில்லுன்னா நிப்பேன், போன்னா போவேன். எல்லாரும் ஒண்ணுதான்." பையை எடுத்துக்கொண்டு நேரம் முடியுமுன்பே எழுந்து போய்விட்டாள்.

மறு வாரம் அவள் வரவில்லை. உங்கள் நேரம் உங்களுக்காகவே இருக்கும் என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார் ஆலோசகர். அதற்கும் பதில் இல்லை. அந்த மணி நேரம் முழுக்க அறையிலேயே தனியாக உட்கார்ந்திருந்தார். சரியாகச் செய்தோமா, எல்லை மீறிப் போய்விட்டோமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

அதற்கடுத்த வாரம் அவள் வந்தாள். "இன்னும் கோபம் போகல" என்றுதான் உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும்."

"நான் கத்தினேனே, இனிமே வராதேன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"சொல்லலயே."

இரண்டு மாதம் கழித்து, வேறு வீடு பார்த்துக்கொள்ளும்படி தங்கையிடம் பேசினாள். பேச்சு நல்லபடி முடியவில்லை. தங்கை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். சும்மா இருந்ததைக் கிளறிவிட்டாயே என்று மாமியார் முணுமுணுத்தாள். அடுத்த தெருவில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு போன தங்கை, வழியில் எதிரே வந்தாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தையையும் அனுப்புவதில்லை. அதைச் சொல்லும்போதுதான் அவள் முதல்முறையாக அங்கே அழுதாள். டிஷ்யூவைத் தானே எடுத்துக்கொண்டாள். தாடை வலி குறைந்திருந்தது, அடியோடு போகவில்லை.

வருஷக் கடைசியில், இனி வரவில்லை என்று சொன்னாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும் மேடம். இந்த நாற்காலி ரொம்ப மோசம். மொத நாள்லேருந்து இடுப்பு போகுது."

அவள் இறங்கிப் போனதும் ஆலோசகர் அதில் உட்கார்ந்து பார்த்தார். உண்மைதான், இடது பக்கம் கம்பி குத்தியது. அத்தனை வருஷத்தில் வேறு யாரும் அதைச் சொன்னதில்லை.