சலூன்காரர் டில்லிபாபுவின் ஈறு

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் டில்லிபாபுவின் சலூன் இருக்கிறது. உள்ளே இரண்டு நாற்காலிகள். வாசலோரம் இருப்பது அவருடையது. மற்றதில் விஜய் வேலை செய்கிறார். முப்பதைத் தாண்டியவர், குடும்பஸ்தர்.

கொரோனா ஓய்ந்து, எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் அது தொடங்கியது. டில்லிபாபு சும்மா நின்றுகொண்டிருந்தாலும், வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டினார்கள். விஜய் முடிக்கட்டும், அவசரமில்லை என்றார்கள். தன் கைக்கு இந்தக் காலத்து வெட்டு வரவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. ஆனால் வருத்தம் வரவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நேரம் போகும்.

சர்க்கரை வியாதி வந்து பல வருஷமாகியிருந்தது. கொஞ்ச காலம் மாத்திரை போட்டார். உடம்புக்கு ஒன்றும் தெரியாததால் விட்டுவிட்டார். கால் எரிச்சல் இருந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. ஒருநாள் கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றார். இன்னொன்று வழியில் கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. மனைவி ஹேமாவதி போய்த் தேடி எடுத்து வந்தாள்.

பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. அதனால் பிரஷ்ஷை விட்டுவிட்டு, பல்பொடியை விரலில் தொட்டு மேலோட்டமாகத் தேய்த்துக்கொண்டார். கீழ் முன்பற்கள் இரண்டு நீளமானதுபோல் தெரிந்தன. நாக்கு பட்டால் ஆடின. வலி இல்லை. வலி இல்லாததற்கு யார் டாக்டரிடம் போவார்கள்?

பட்டாபிராமில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நூர் முகமது மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, டில்லிபாபுவின் நாற்காலியில்தான் உட்காருவார். தாடி ஒதுக்க முகத்தருகே குனிய வேண்டும். அன்று விஜய் டீ குடிக்கப் போயிருந்தார். குனிந்தவரின் மணிக்கட்டை நூர் முகமது மெதுவாகப் பிடித்தார்.

"டில்லி, தப்பா நெனச்சிக்காதே. உன் வாய்ல ரொம்ப நாளா வாடை அடிக்குது. நான் மூச்ச புடிச்சிகினுதான் உக்கார்றேன்."

கத்தரி அப்படியே நின்றது. தன் மனைவி ஜரினாவுக்கும் இப்படித்தான் ஆனது என்று நூர் முகமது சொன்னார். சர்க்கரை ஏறி, ஈறு கெட்டு, கீழ்வரிசை முழுக்கப் போய்விட்டதாம்.

"வலிக்கவே வலிக்காது. அதான் அதுல பேஜாரே."

டில்லிபாபு தலையாட்டினார். தாடியின் இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்த்து முடித்தார். கழுத்தில் பவுடர் போட்டுத் தட்டிவிட்டார். பாய் போனதும் உள்ளங்கையில் ஊதி முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. முகக்கவசம் போட்ட காலத்தில் அடித்த வாடையைத் துணியின் வாடை என்றே எண்ணியிருந்தது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் ஹேமாவதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹேமா, என் வாய்ல வாடை அடிக்குதா?"

அவள் கத்தியை வைத்துவிட்டாள். "அடிக்குது."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா மனசு உட்டுடுவியோன்னு பயந்துகினே இருந்தேன்."

ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் ஹாலில்தான் படுக்கிறாள். அங்கேதான் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது என்பாள். கோபமோ வெட்கமோ வரட்டும் என்று அவர் காத்திருந்தார். இரண்டும் வரவில்லை. நறுக்கி வைத்திருந்த பீன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குளிக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. ஹேமாவதி அவரை ஆவடியில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பல் டாக்டர் ரேஷ்மா ஈறை லேசாக அழுத்தியதும் சீழும் ரத்தமும் வந்தன. வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் டில்லிபாபு. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

"சர்க்கரை ஏறுனா ஈறு ஆறாதுண்ணா. ஈறுல சீழ் இருந்தா சர்க்கரையும் எறங்காது. ரெண்டையும் சேத்துதான் பாக்கணும்," என்றார் டாக்டர்.

ரத்தம் வருகிறதென்று பிரஷ்ஷை விட்டதுதான் தப்பு என்றும் விளக்கினார். அதனால் அழுக்கு ஈறுக்கு அடியில் போய்த் தங்கிவிட்டதாம். ஆடும் பற்களை உடனே பிடுங்கினால் புண் ஆறுவது கஷ்டம். முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுச் சர்க்கரையை இறக்க வேண்டும். பல்லைச் சுத்தம் செய்ய நாலைந்து தடவை வர வேண்டும். மெத்தென்ற பிரஷ்ஷால் காலையிலும், படுக்கப் போகும் முன்பும் தேய்க்க வேண்டும்.

டில்லிபாபு அத்தனையும் செய்தார். கடையில் விழுந்த முடியைக் கூட்டித் தள்ளுவதுபோலச் செய்தார். துப்பினால் முதலில் சிவப்பாக வந்தது. பிறகு வெளிறியது. ஒரு காலையில் வெறும் நுரை மட்டும் வந்தது. பார்த்தார்; தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை இறங்கிய பிறகு, கீழ் முன்பற்கள் இரண்டையும் எடுத்தார்கள். கரைந்த எலும்பு திரும்ப வராது, மிச்சப் பற்களைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். வைத்தியம் எப்போது முடியும் என்று கேட்டதற்கு, இது முடிகிற வேலை இல்லை, ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருங்கள் என்றார்.

வாடை போய்விட்டதென்று நூர் முகமது சொன்னார். வாடிக்கையாளர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் விஜய்யிடமே பழகிவிட்டார்கள். ஹேமாவதி இன்னும் ஹாலில்தான் படுக்கிறாள், அது பழக்கமாகிவிட்டது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

போன முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் ஹேமாவதியையும் வாயைத் திறக்கச் சொன்னார். அவள் தயங்கினாள். உள்ளே தள்ளி இருந்த பல் ஒன்று சொத்தையாகியிருந்தது. அன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். முதலில் அவளுக்கும் சர்க்கரை பார்த்தார்கள். இல்லை.

டில்லிபாபு அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் அவள் மெல்ல முனகுவது கேட்டது. எழுந்து கதவு வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

பஞ்சைக் கடித்தபடி அவள் வெளியே வந்தாள்.

"வலிச்சுதா?" என்று கேட்டார்.

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். டில்லிபாபு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்.