இருநூறு ஓம்

மகன் பள்ளிக்காக எதையோ சால்டர் பண்ணும் புகை மூக்கில் ஏறியதும், கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் இப்போது இல்லாத அந்த எலக்ட்ரானிக்ஸ் கடையும் அதன் நூற்றுக்கணக்கான குட்டி டிராயர்களும் நினைவுக்கு வருகின்றன. கோவையில் பிசிக்ஸ் டீச்சராக இருந்து, இங்கே வேலை பார்க்க விசா இல்லாமல் வீட்டிலிருந்த அம்மா, எங்கே போனாலும் அப்பாவுக்குப் பின்னால்தான் நடப்பாள். சனிக்கிழமைதோறும் அந்தக் கடையில் மட்டும் முன்னால் போவாள்.

ஒருநாள் அப்பா தேடிய இருநூறு ஓம் ரெசிஸ்டர் தீர்ந்திருந்தது.

"முந்நூறையும் அறுநூறையும் பேரலல்ல போடுங்க, இருநூறு வந்துரும். கரன்ட்டுல ரெண்டு பங்கு முந்நூறு வழியா போகும், ஒரு பங்கு அறுநூறு வழியா," என்றாள் அம்மா.

அப்பா கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துச் சிரித்தார். அது அம்மாவின் யோசனை என்று தெரிந்துகொண்ட கடைக்காரர், எந்தக் கம்பெனியில் வேலை என்று அம்மாவைக் கேட்டார்.

"ஹவுஸ்வைஃப்," என்று அப்பா முந்திக்கொண்டார்.

அன்று கடைக்குள்ளேயே அம்மா அவருக்குப் பின்னால் நடந்தாள்.