பின்னந்தலையில் ஒரு வட்டம்

எங்கள் தெருமுனையில் ஒரு மஞ்சள் வேன் நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டி. அதன் சொந்தக்காரரை ஊரே ‘வேன் மாமா’ என்றுதான் அழைக்கிறது. அவருடைய மாமனாரே ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் தலைமுடியிலிருந்து தொடங்க வேண்டும். அவரே தம் நாளை அங்கிருந்துதான் தொடங்குவார். காலையில் வண்டியைக் கழுவித் துடைத்ததும் பக்கவாட்டுக் கண்ணாடியில் குனிந்து, முன்முடியை அலைபோல ஏற்றிச் சீவுவார். அந்தச் சீப்புக்கு வண்டிக்குள் தனி இடம் உண்டு. வண்டிக் காகிதங்களைத் தேடுவார். சீப்பைத் தேடி நான் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் இளம் வயதிலேயே வந்தது. ஓட்டுநர் உரிமத் தேர்வில் அவர் மூன்று முறை தோற்றதாக வேன் ஸ்டாண்டில் சொல்வார்கள். அது மிகை, இரண்டு முறைதான். இரண்டாம் முறை தேர்வு நடத்திய அதிகாரி, “தம்பி, அந்தக் கண்ணாடி பின்னால வர்ற வண்டியப் பார்க்கறதுக்கு. நீ வந்ததிலேருந்து உன்னத்தான் பார்த்துட்டிருக்க. இறங்கு” என்றாராம். இதைச் சொன்னவர் வேன் மாமாவேதான், அதனால் நம்பலாம்.

அவர் மனைவி தையல்காரர். வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன் ஒருநாள் இவர் அவரிடம் சட்டை தைக்கக் கொடுக்கப் போனவர்தான். அளவெடுத்துக்கொண்டே அந்தப் பெண், “முடி நல்லா இருக்குங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அந்த மாதத்தில் இவர் மேலும் மூன்று சட்டைகள் தைத்துக்கொண்டார். பிறகு கல்யாணம். ஆகவே அந்தத் தலைமுடியை வெறும் முடியென்று நினைக்கக் கூடாது. அதில்தான் ஒரு குடும்பமே தொடங்கியது.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே, பின்னந்தலையில், உள்ளங்கை அளவுக்கு முடி கொட்டி வழுவழுவென்று ஒரு வட்டம் விழுந்திருந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரியும். தன் தலை தனக்கே தெரியாதா என்று கேட்கலாம். சீவியது கலைந்துவிடும் என்று அவர் தலையில் கை வைக்கவே மாட்டார். எண்ணெய் தேய்த்து, தலை கழுவி, துவட்டிவிடுவதெல்லாம் மனைவிதான். சலூன்காரர் வேலை முடிந்ததும் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார். ஆனால் கழுத்துவரைதான் காட்டுவார்.

“அந்த மனுஷனுக்குக் குடி இல்ல, சீட்டு இல்ல. இருக்கற ஒரே ஆடம்பரம் அந்த முடிதான். அதையும் நான் எதுக்குங்க பிடுங்கணும்?” என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். 

இப்படியிருக்க, ஒரு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஓவியப் புத்தகம் போட்டார்கள். வருடம் முழுக்க வரைந்ததில் ஆளுக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, அச்சடித்து, தாங்களே விற்பது என்று முடிவு. விற்று வருவதில் அடுத்த வருடத்துக்கு வண்ணங்களும் தாள்களும் வாங்க வேண்டும். வகுப்பு டீச்சர் ஒரே ஒரு விதி போட்டார்.

“தினம் கண்ணால பார்க்கறத வரைங்க. ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஒரு ஆறு, இதெல்லாம் வேண்டாம். நம்ம ஊர்ல மலை எங்க இருக்கு?”

வேனில் வரும் பிள்ளைகள் தினம் எதைப் பார்ப்பார்கள்? வேன் மாமாவின் பின்னந்தலையைத்தான். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் அதே தலை. அவர் முகத்தை அவர்கள் சரியாகப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தத் தலையை அணு அணுவாக அறிவார்கள். முக்கியமாகக் காதுகளை. கோபம் வந்தால் காது சிவக்கும். சிரிப்பு வந்தால் இரண்டு காதும் மெல்ல மேலே ஏறும். சத்தம் போடலாமா கூடாதா என்பதைக் காதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே வேன் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தத் தலையை வரைந்து கொடுத்துவிட்டார்கள். டீச்சர் அவற்றைப் புத்தகத்தின் கடைசிப் பகுதியாக, இருக்கை வரிசைப்படி அடுக்கினார். பக்கத்தைப் புரட்டினால் வண்டியின் கடைசி இருக்கையிலிருந்து எழுந்து முன்னால் நடந்து வருவதுபோல் இருக்கும். தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் பைகளுக்கும் இடையே முதலில் சின்னதாகத் தெரியும் தலை, பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிக்கொண்டே வரும்.

வட்டமும்தான். முதலில் ஒரு புள்ளி, பிறகு நாணயம், பிறகு தட்டு. மாமாவுக்கு நேர் பின்னால் உட்காரும் பெண் தடிக் கண்ணாடி போட்டவள். அவளையும் ‘கண்ணாடி’ என்றே கூப்பிடுவார்கள். வகுப்பிலேயே நன்றாக வரைபவள். அவளுடைய படத்தில் அந்த வட்டம் வெயில் பட்டுப் பளபளத்தது.

அச்சான புத்தகத்தை முதன்முதலாகப் புரட்டியபோது வகுப்பே உருண்டு உருண்டு சிரித்தது. தனித்தனியாக வரைந்தபோது யாருக்கும் தோன்றாதது, சேர்த்துப் பார்த்தபோது தோன்றியது. முதலில் சிரிப்பை நிறுத்தியவன், பெரிய குரலால் ‘மைக்’ என்று பெயர் வாங்கிய பையன். விற்பனைக்கு அவன்தான் பொறுப்பு.

“டேய், மாமாவுக்கு இது தெரியாதுடா.”

“தன் தலை தனக்குத் தெரியாமலா இருக்கும்?”

“உன் பின்னந்தலைல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா, சொல்லு?”

கேட்டவன் மெல்லத் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

விஷயம் சிக்கலானது. ஏனென்றால் புத்தகத்துக்காக மாமாவைப்போல ஆவலாகக் காத்திருந்தவர் யாரும் இல்லை. பிள்ளைகள் தம்மை வரைந்திருப்பதையும் கடைசிப் பக்கத்தில் தாம் பெரிதாக வருவதையும் டீச்சரிடம் கேட்டு வைத்திருந்தார். அச்சகத்திலிருந்து கட்டுகளைப் பிரிக்காமல் தம் வண்டியிலேயே ஏற்றிவந்து இறக்கியிருந்தார். ஸ்டாண்டில் ஒவ்வொரு டிரைவரும் ஒரு புத்தகம் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். “நான் உள்ள இருக்கற புக்குடா, சும்மாவா?” என்பார். வண்டியில் தினம் ஒரு கேள்வி.

“முடிய ஒழுங்கா வரைஞ்சீங்களா?”

“இருக்கறத அப்படியே வரைஞ்சிருக்கோம் மாமா” என்றாள் கண்ணாடி. பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள்.

இப்போது அவர்கள் கவலை புத்தகம் விற்குமா என்பது அல்ல. அதைத் திறந்து பார்க்கிற அன்று மாமாவின் மனம் என்னவாகும் என்பதுதான். கடைசியில், டீச்சர் வேறு வகுப்பில் தேர்வு மேற்பார்வைக்குப் போயிருந்த நாளில், கறுப்பு மார்க்கர்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பக்கம் பக்கமாக, புத்தகம் புத்தகமாக, வட்டத்தை நிரப்பி மாமாவுக்கு முடி முளைக்க வைத்தார்கள். மை ஊறி, முதல் படத்துக்குப் பின்பக்கம் வேறொருவன் வரைந்திருந்த பூனைக்கு நெற்றியில் மூன்றாவது கண் வந்தது.

கண்ணாடி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“என் பக்கத்துல யாரும் மை பூசக் கூடாது. நான் பார்த்தேன், வரைஞ்சேன். அவ்வளவுதான்.”

“மாமா அழுதா நீதான் பொறுப்பு.”

“மை பூசினா அது மாமாவே இல்ல. வேற யாரோ.”

அவள் அந்தப் பக்கம் போனதும், மைக் கறுப்புத் தாளில் வட்டங்கள் வெட்டி அவள் படத்தின்மேல் ஒட்டினான். மை பூசவில்லை அல்லவா? அவள் போட்ட நிபந்தனை தவறவில்லை. தவறியது பசை. பாட்டில் அடியில் மிஞ்சியதில் தண்ணீர் கலந்து பெருக்கியிருந்தான்.

மறுநாள் மதியம் ஸ்டாண்டுக்கான கட்டு வேனில் ஏறியது. வெயிலில் கட்டும் காய்ந்தது, பசையும் காய்ந்தது. மாமா ஸ்டாண்டில் கயிற்றை அறுத்து, ஆளுக்கொரு புத்தகமாகக் கொடுத்து, வண்டிப் படியில் ஏறி நின்றுகொண்டார்.

“கடைசிப் பக்கத்திலேருந்து பாருங்க. அதுதான் கிட்டத்துல இருக்கு.”

எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் ஒரு கறுப்பு வட்டம் நழுவிக் கீழே விழுந்தது.

“என்னண்ணே, புக்குலேருந்து என்னமோ கொட்டுது?” என்றார் ஆட்டோ ஓட்டும் ஒருவர்.

மாமா குனிந்து ஒன்றைப் பொறுக்கினார். திருப்பிப் பார்த்தார். தம் கையிலிருந்த படத்தில் பளபளத்த இடத்தின்மேல் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. எடுத்தார். மறுபடி வைத்தார். 

“ஏண்ணே, இத்தன நாளா உங்களுக்குத் தெரியாதா?” என்று ஆட்டோக்காரர் கேட்டதுதான் தாமதம், ஸ்டாண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அங்கிருந்து அவர் நேராகப் போனது சலூனுக்கு. நடந்ததைச் சலூன்காரர் சொன்னபடி தருகிறேன்.

“ரெண்டு கண்ணாடி எடு.”

சலூன்காரர் வழக்கம்போலக் கழுத்துக்குப் பிடித்தார்.

“மேல தூக்கு.” தூக்கினார். “இன்னும் மேல.” தூக்கினார். மாமா வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா?”

“சொன்னா கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போயிடுவீங்க. அவன் கண்ணாடிய எடுத்த எடுப்புல மேல தூக்கிடுவான். நான் எத்தன வருஷமாக் கட்டிக் காப்பாத்தினது!”

வீட்டில் மனைவி தையலை நிறுத்தவில்லை.

“முடி நல்லா இருக்குன்னு நீதானே சொன்ன?”

“நான் சொன்னது முன்பக்கத்த. அது இப்பவும் நல்லாத்தான் இருக்கு.”

“கூட இருந்தே ஏமாத்திட்டல்ல?”

“நாலு சட்ட ஒரே மாசத்துல எதுக்குத் தைச்சீங்கன்னு நான் கேட்டேனா? அப்படித்தான் இதுவும்.”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அன்று சாயங்காலம் பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்ட கையோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஸ்டாண்டில் நடந்த செய்தி பிள்ளைகளுக்கு எட்டிவிட்டது. கண்ணாடி மைக்கிடம் பேசவில்லை. மைக் யாரிடமும் பேசவில்லை. அது அந்தப் பள்ளிக்கூடத்துக்கே புதுமை.

மறுநாள் காலை வேன் வந்தது. மாமா வண்டியின் உள்கண்ணாடியை, பிள்ளைகள் கண்ணில் தம் முகம் படாதபடி திருப்பி வைத்திருந்தார். இனி எல்லோருக்கும் மிச்சம் இருந்தது காதுகள்தான். அவை அசையவில்லை. கடைத்தெரு தாண்டியது, பெட்ரோல் பங்க் தாண்டியது. மைக் தொண்டையைச் செருமினான்.

“மாமா… அது வந்து… பசை சரியில்ல மாமா.”

மாமா கியரை மாற்றினார்.

“நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்…”

“நான் மை பூசல மாமா” என்றாள் கண்ணாடி.

“தெரியும்.” குரல் கரகரப்பாக வந்தது. “ஸ்டாண்டுல எல்லாரும் புக்கத் திருப்பிக் குடுத்துட்டானுங்க. மத்த பக்கத்துல இருக்கறது யாருன்னு கேக்கறானுங்க. இவ்வளவு முடி உனக்கு ஏதுன்னு கேக்கறானுங்க. இப்ப நான் என்ன பண்றது? ஊரக் கூட்டி இது என் தலைதான்னு சத்தியம் பண்ணவா முடியும்?”

 கண்ணாடி சற்று முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

“காது ஏறுது! டேய், காது ஏறுதுடா!”

பின்னிருக்கையிலிருந்து எழுந்த கூச்சலில் முன்னால் போன சைக்கிள்காரர் ஓரம் ஒதுங்கினார். மாமா உள்கண்ணாடியைப் பழைய இடத்துக்குத் திருப்பி, பள்ளிவரை தேவையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. “பார்த்தத வரைங்கன்னு சொன்னேன். பார்த்தத அழிங்கன்னா சொன்னேன்?” என்றார். ஒவ்வொரு புத்தகமும் பழையபடி ஆக வேண்டும் என்பது உத்தரவு. மை பூசிய இடங்களின்மேல் ஒட்ட, வெளிர்பழுப்புத் தாளில் மூன்று அளவுகளில் வட்டங்கள் வெட்டப்பட்டன. புதுப் பசை வந்தது. பூனையை மட்டும் அப்படியே விட்டார்கள். மூன்று கண் இருப்பதே நன்றாக இருக்கிறது என்று அதை வரைந்தவன் சொல்லிவிட்டான்.

ஒட்டுகிற வேலையில் பாதியை மாமா பிடுங்கிக்கொண்டார். “என் தலை. நான்தான் ஒட்டுவேன்.” விற்பனை நாளன்று பள்ளி வாசலில் மேசை போட்டு, மைக் கூவிக் கூவி ஆள் சேர்க்க, மாமா பசைத் தூரிகையோடு உட்கார்ந்து, வாங்குகிறவர் கண்ணெதிரிலேயே வட்டத்தை ஒட்டிக் கொடுத்தார். அவரை ஹாரன் சத்தமாகவும் தொலைபேசிக் குரலாகவும் மட்டுமே அறிந்த பெற்றோர்கள், “கொஞ்சம் திரும்புங்க, சரிதானான்னு பார்த்துக்கறோம்” என்றார்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பிக் காட்டினார். ஸ்டாண்டுக்காரர்கள் கும்பலாக வந்து வாங்கினார்கள். சலூன்காரர் இரண்டு வாங்கினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மேசை காலி. புத்தகம் கிடைக்காமல் டீச்சரிடம் சண்டை பிடித்தவர்களும் உண்டு. அவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

கூட்டம் கலைந்ததும் மாமா சீப்பை எடுத்து முன்முடியை ஏற்றிச் சீவினார். நாற்காலியைப் பிள்ளைகளைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“பின்னாடி பார்த்தது போதும். முகத்த ஒரு தடவ வரைங்க பார்க்கலாம். அடுத்த வருஷப் புக்குக்கு ஆகும்.”

வரைந்தார்கள். மூக்கு யாருக்கும் வரவில்லை. மைக் வரைந்ததில் மாமாவுக்கு மீசை இருந்தது. அவருக்கு மீசையே கிடையாது. கண்ணாடி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாள். மூன்றாவது தாளில் பென்சிலை வைத்து, நிமிர்ந்து பார்த்து, தலையை ஆட்டினாள்.

“மாமா, அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. இந்த முகம் எங்களுக்குப் பழக்கமில்ல.”

மாமா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். காதுகள் இரண்டும் ஏறிய உயரத்திலேயே நின்றன. கண்ணாடி மளமளவென்று வரையத் தொடங்கினாள்.