காலியாகப் போனால் குதிக்கும் கார்

போன வருடம் மாசி மாதம், மலையில் புளி உலுக்கிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. நான் ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். வீடு கீழே திருப்பத்தூரில். தினமும் காலையில் மலையேறி மாலையில் இறங்க வேண்டும். அதற்கு ஒரு பைக் தாராளமாகப் போதும். ஒன்றரை வருடம் பைக்கில்தான் போய் வந்தேன். பிறகுதான் எனக்குப் புத்தி கெட்டது.

பெங்களூரில் ஒருவர் வெளிநாட்டில் குடியேறப் போகிறார், காரை விற்கிறார் என்று தெரியவந்தது. அது சாதாரண கார் இல்லை. கூரை கடைசி வரை ஒரே மட்டமாக நீண்டு போகும் ஸ்டேஷன் வேகன். பார்த்தால் பிள்ளைகுட்டிக்காரன் மாதிரி சாதுவாக இருக்கும், மிதித்தால் ரேஸ் கார். பள்ளிக்கூட நாட்களில் அந்த ரகக் காரின் படத்தை நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தவன் நான். பழைய வண்டிதான் என்றாலும் விடவில்லை, வாங்கிவிட்டேன். வெள்ளை நிறம். பின் ஜன்னல்களில் கறுப்புக் கண்ணாடி.

வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் என் மனைவி அதை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"இன்னாங்க இவ்ளோ நீளம்? பின்னால யாரப் படுக்க வெக்கறது?" என்றாள்.

கார் ரசனை இல்லாதவள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் வாரத்திலேயே வண்டி தன் குணத்தைக் காட்டிவிட்டது. அதன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடம்தான். வேகமாகப் போவதற்காக முந்தைய சொந்தக்காரர் இன்னும் தாழ்த்தி வைத்திருந்தார். நம் ஊர் வேகத்தடைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் வண்டி வயிற்றைத் தேய்த்துக்கொண்டு முனகும். மலைப் பாதையின் பள்ளங்களில் மாட்டு வண்டியை விட மெதுவாகப் போனேன். ஒருநாள் என்னை ஒரு கன்றுக்குட்டி முந்திக்கொண்டு போனது.

இதில் எனக்கு ஒரே ஓர் ஆறுதல். அடிவாரத்தில் தினமும் காலையில், சந்தைக்கு இறங்கிவிட்டு மலைக்குத் திரும்புகிற பெண்கள் சிலர் மூட்டைகளோடு நின்றிருப்பார்கள். பஸ் எப்போதாவதுதான் வரும், ஜீப் நிறைந்தால்தான் கிளம்பும். என் கார் வருவதைப் பார்த்ததும் அவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். பைக்கில் போன காலத்தில் ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. கார் வந்ததும் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன். நானும் வேகத்தைக் குறைத்து, ஒரு மந்திரி கணக்காகத் தலையை மெல்ல அசைத்துவிட்டுப் போவேன். ஏற்றிக்கொண்டு போகலாமே என்று தோன்றவே இல்லை. பழுப்பு நிறத் தோல் இருக்கைகள். அதில் புண்ணாக்கு மூட்டையா?

தினசரி ஓட்டத்துக்கு ஏற்ற மாதிரி வண்டியை மாற்றுவது என்று முடிவெடுத்து, மலைப் பாதை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் பட்டறைக்குப் போனேன். மலை ஜீப்புகளைப் பார்த்தே பழகிய மெக்கானிக். என் காரின் அடியில் படுத்து எழுந்துவந்து, "எங்க சார் ஓட்றீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தெனம் புதூர்நாடு."

"அவ்ளோதான, வுடுங்க," என்றார்.

நான்கு நாளில் வண்டி ஒரு சாண் உயர்ந்து நின்றது. ஏதோ பெரிய வண்டியின் ஸ்ப்ரிங்குகள், கனமான டயர்கள், அடியில் ஓர் இரும்புத் தகடு. இன்ஜினைத் தொடவில்லை, அந்த வேகம் அப்படியே இருந்தது. பூரித்துப் போய் மனைவியை உட்கார வைத்து ஒரு சுற்று கிளம்பினேன்.

முதல் வேகத்தடையில் வண்டி குதித்தது. இரண்டாவதில் என் தலை கூரையில் இடித்தது. மூன்றாவதில் மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீட்டு வாசலில் இறங்கி, கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தீர்ப்பு வந்தது. "ஞாயித்துக்கெழம கணியம்பாடிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறோம். வண்டி மனுசங்க ஒக்கார்ற மாதிரி இருக்கணும். இல்லன்னா எங்க பெரியப்பா மகன் வாங்கிக்கறேன்றாரு, அங்கயே குடுத்துட்டு பஸ்ல வந்துடலாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த அண்ணனிடம் போனில் பேசியும் முடித்திருந்தாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ஓட்டுங்க சார், செட் ஆயிடும்," என்று வைத்துவிட்டார். எனக்கோ நோட்டு அட்டைக் கனவு கண்ணெதிரே கை நழுவிப் போகிறதே என்று உண்மையாகவே துக்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. மாடுகளுக்குப் போட வேண்டிய கோமாரித் தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, டிக்கியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அடிவாரத்தில் பெண்கள் நிற்கும் இடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. வண்டி வழக்கம்போல் குதித்தது. நான் வழக்கம்போல் தலையசைத்துவிட்டுப் போனேன். பின்னால் ஒரே கூச்சல். கண்ணாடியில் பார்த்தால் டிக்கிக் கதவு ஆகாயத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது, ஆறு பெண்கள் ஓடி வருகிறார்கள், முன்னால் வருகிற அம்மாவின் தலையில் என் ஐஸ் பெட்டி.

பதறிப்போய் இறங்கினேன். விழுந்ததில் பெட்டி உடைந்திருந்தால் அத்தனை மாட்டுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நல்லவேளை, மூடிகூடத் திறக்கவில்லை. நன்றி சொல்ல நான் வார்த்தை தேடுவதற்குள் அந்த அம்மா மற்றவர்களிடம் திரும்பி, "நிறுத்திட்டாரு, கதவும் தொறந்துதான் கீது. ஏறுங்கடி," என்றார்.

பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கியில் இரண்டு பேர், நான்கு மூட்டைகள், என் உத்தியோகத்துக்கு மரியாதையாக ஓர் ஆட்டுக்குட்டி. பெட்டி தூக்கி வந்த அம்மா முன் இருக்கையில் மருந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தோல் இருக்கைகளை நினைத்துக் கண்ணை மூடித் திறந்து, வண்டியைக் கிளப்பினேன்.

முதல் பள்ளம் வந்தது. தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வண்டி மெத்தென்று இறங்கி மெத்தென்று ஏறியது. அடுத்த பள்ளத்திலும் அப்படியே. கொண்டை ஊசி வளைவுகளில் தரையைப் பிடித்துக்கொண்டு வழுக்கிப் போனது. மேட்டில் லேசாக மிதித்தேன், அத்தனை பேரையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு இன்ஜின் உறுமி ஏறியது. பின்னாலிருந்து ஒருத்தி, "ஊஞ்சல்ல போறாப்ல கீதுடி," என்றாள். எனக்கு அழுகை வராத குறை. நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்த கார் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓடியது.

அந்தச் சந்தோஷத்தில், "தெனம் கும்புட்றீங்களே, ஒரு நாளாவது கை காட்டியிருக்கலாமே?" என்று பெருந்தன்மையாகக் கேட்டேன்.

முன் இருக்கை அம்மா கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனக்காத சார். இத்தினி நாளா இது சாவு வண்டின்னு நெனச்சிகினு இருந்தோம்."

"யாரு சொன்னது?"

"ஆரும் சொல்லல. வெள்ளையா கீது, நீட்டா கீது, பின்னால கண்ணாடி கருப்பா கீது. மெதுவா போவுது. எந்த ஊர்ல எழவோன்னு கும்புட்டு வுட்ருவோம். நீ கூட தலைய ஆட்டிகினு போவியா, பாவம், துக்கத்துல கீறாருன்னு பேசிக்குவோம்."

டிக்கியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "தெனம் ஒன்னு போவுதே, மலைல இத்தினி பேரா சாவறாங்கன்னு எங்க வூட்டுக்காரரு கேட்டுகினே கீறாரு."

அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆட்டுக்குட்டியும் கத்தியது. நான் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினேன். இரண்டு மாதமாக என் மந்திரித் தலையசைப்பு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தால் காது சூடாகிறது. அதைவிட, வெயிலில் நின்றவர்களைத் தினமும் காலி வண்டியோடு தாண்டிப் போயிருக்கிறேனே என்ற வெட்கம் அப்போதுதான் வந்தது.

ஒவ்வொரு ஊராக அவர்கள் இறங்க இறங்க, வண்டி பழையபடி துள்ள ஆரம்பித்தது. கடைசியாக முன் இருக்கை அம்மாவும் ஒரு மூட்டையும் மட்டும் மிச்சம். அவர் தன் வீட்டைக் காட்டியபோது, "இன்னும் கொஞ்ச தூரம் வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் நேராகப் பட்டறையில் நிறுத்தி, ஆள் ஏறினால் மெத்தென்று போவதையும் காலியானால் குதிப்பதையும் சொன்னேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "பதினோரு பேரு லோடுக்கு செட் பண்ணிக்கீறேன் சார். புதூர்நாட்டுக்கு காலியா எவன் சார் போறான்?"

அவர் வாழ்க்கையில் காலியாக மலையேறிய வண்டியை அவர் பார்த்ததே இல்லை. நான் ஒருவன் அப்படிப் போவேன் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? மெத்தென்ற ஸ்ப்ரிங் வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்றார். எனக்கு இருந்ததோ ஒரே ஒரு நாள்.

அதனால் சனிக்கிழமை ஒரு தில்லுமுல்லு செய்தேன். எட்டு மூட்டை மணலை டிக்கியில் அடுக்கி, மேலே ஜமுக்காளம் போட்டு மூடினேன். ஞாயிறு காலை கிளம்பினோம். ஆம்பூர் தாண்டுவதற்குள் மனைவி தூங்கிப்போனாள். கணியம்பாடியில் மாமியார் வீட்டு வாசலில்தான் கண் விழித்தாள். "பரவால்லையே," என்று சொல்லிக்கொண்டே, ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பையை எடுக்க டிக்கியைத் திறந்தாள். ஜமுக்காளத்தைத் தூக்கினாள்.

மூட்டை ஒன்றை விரலால் குத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் வேறு வழியில்லாமல் மெக்கானிக், சாவு வண்டி, ஆட்டுக்குட்டி வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சாவு வண்டி என்ற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அங்க அத்தன பேரு வெயில்ல நிக்கறாங்க. நீங்க மண்ண ஒக்கார வெச்சி சொகுசா கூட்டினு வர்றீங்க. கேக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

மாமியார் புதிதாகக் கட்டும் குளியலறைக்கு ஆகும் என்று மணலை இறக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மனைவியின் அந்தப் பெரியப்பா மகன் வந்து, காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். தலையைத் தேய்த்தபடி இறங்கி, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கறுப்புக் கண்ணாடியை மறுநாளே எடுத்துவிட்டேன். மெத்தென்ற ஸ்ப்ரிங் வந்திருப்பதாக மெக்கானிக் சொன்னபோது, வேண்டாம் என்றேன். தோல் இருக்கைகளில் இப்போது புளி வாசனை. அடிவாரத்தில் இப்போது ஒருவரும் என்னைக் கும்பிடுவதில்லை. கையை நீட்டி நிறுத்துகிறார்கள், பத்து நிமிடம் தாமதமானால் திட்டவும் செய்கிறார்கள். இடம் மிச்சமிருக்கிற நாட்களில் வண்டி ஒரு குதி குதித்து என் தலையில் தட்டும்போதெல்லாம், இன்னும் யாரையோ ஏற்றாமல் வந்துவிட்டேனோ என்றுதான் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.