பின்சீட்டு அக்கா

"நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உட்கார்றேன்" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வாள். வண்டியைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் திருதிருவென்று விழிப்பார்கள். பழுது பார்க்க வந்த இடத்தில் மெக்கானிக்கைச் சவாரி ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? அவளோ அதற்குள் ஏறி உட்கார்ந்து, கிளம்பலாம் என்று தோளைத் தட்டியிருப்பாள். தெருவில் அவளுக்குப் பெயரே பின்சீட்டு அக்கா.

பட்டறை முன்பு ஒரு துணிக்கடையாக இருந்தது. உடுத்திப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி இன்னும் சுவரில் இருக்கிறது. வண்டியின் பின்பக்கத்தை அதற்குக் காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்து, பின்விளக்கு எரிகிறதா என்று ஆள் துணையில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். யோசனை வந்துவிட்டால் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையின் நுனியைக் கடிப்பாள். பழுது சிக்கலாக ஆக, பட்டை குட்டையாகிக்கொண்டே போகும்.

முழுசாகக் கெட்டுப்போன வண்டி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வந்தும் வராமலும் போக்குக் காட்டுகிற பழுதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். அப்படித்தான் வந்து சேர்ந்தது அந்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து வலது காலடியில் ஒரே பிரேக்; கையில் பிடிக்க எதுவும் கிடையாது. போய்க்கொண்டே இருக்கும்போது திரையில் 'பிரேக்கைக் கவனிக்கவும்' என்று சிவப்பாக எழுத்து வரும். ஓரமாக நிறுத்தி, அணைத்துவிட்டுக் கிளப்பினால் பூனை மாதிரி சமர்த்தாக இருக்கும்.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "பஸ்ல நின்னுட்டு வர்றவன் கையில டீ இருந்தாலும் சிந்தாதும்மா. அப்படி நிறுத்தினவன் நான்" என்பதை வருகிறபோதெல்லாம் சொல்லிவிடுவார். இப்போது பேச்சில் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. "இன்னொரு தடவ அந்த எழுத்து வரட்டும், வித்துட்டுத்தான் மறுவேலைன்னு வீட்டுல சொல்லிட்டா. வண்டியும் போச்சுன்னா ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டப் பாத்துட்டிருக்க வேண்டியதுதான்."

பிரேக் எண்ணெயைப் பார்த்தாள். சக்கரத்துக்குப் போகும் ஒயர்களை உருவிப் பார்த்தாள். பெடலுக்கு அடியில் இருக்கும் சுவிட்சைப் புதிதாக மாற்றினாள். பிறகு, தன் வழக்கத்துக்கு மாறாக, தானே தனியாக ஓட்டிப் பார்த்தாள். காரணம் வேறொன்றுமில்லை, ஆசைதான். அந்த மாதிரி வண்டி கைக்கு வருவதே அபூர்வம். ஊரைச் சுற்றி வந்தும் எழுத்து வரவில்லை. சரியாகிவிட்டது என்று அனுப்பினாள். வாரம் முடிவதற்குள் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

செருப்போடு வருகிற மனிதர் இப்போதெல்லாம் கயிறு இறுக்கிக் கட்டிய ஷூவில் வருகிறார். "என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி" என்றாள். அவர் சிரித்து மழுப்பினார்.

"ஓட்டுங்கண்ணே" என்று பின்னால் ஏறினாள்.

நேரான, நீளமான சாலை. ஏரியைப் பற்றியும் பழைய பஸ்ஸின் கியர் பற்றியும் பேசிக்கொண்டே அவர் நிதானமாக ஓட்டினார். அவள் எட்டி அவர் காலைப் பார்த்தாள். கால்தாங்கியிலிருந்து ஷூ கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, பெடலின் மேல் போய் உட்கார்ந்தது. வேகம் குறைகிற அளவுக்கு அழுத்தம் இல்லை, சுவிட்சுக்குத் தெரிகிற அளவுக்கு இருந்தது. பிரேக்கை மிதித்தபடியே ஓட்டுகிறார்கள் என்று வண்டி குழம்பியது. எழுத்து வந்தது.

"பாத்தியா? வந்துடுச்சு."

"பிரேக்ல இருந்து கால எடுங்கண்ணே."

"எடுத்துட்டுத்தானே ஓட்டறேன்."

"கீழ பாருங்க."

பார்த்தார். வண்டியை ஓரம் கட்டினார். நின்ற பிறகும் குனிந்து அந்தக் காலையே, யாரோ ஒருவருடைய காலைப் பார்க்கிற மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா உணர்ச்சி இல்ல?"

"சர்க்கரை இருக்கு. செருப்பு வழியில கழண்டு விழுந்தா வீட்டுக்கு வந்துதான் தெரியுது" என்றார். ஷூவின் ரகசியம் இதுதான். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த எழுத்து மட்டும் வராம பண்ணிடும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் போதும், அவளால் முடியும். எந்த வாடிக்கையாளரும் இப்படி அவளைக் கெஞ்சியதில்லை. முதல் நாளே இவர் பின்னால் ஏறாமல் போனோமே என்று அவளுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது.

"பண்ணலாம்ண்ணே. அப்புறம் ரோட்டக் கடக்கறவங்கள யாரு பாத்துக்கறது?"

அவர் குனிந்து ஷூவின் கயிற்றை இறுக்கினார்.

"கையால பிடிக்கற மாதிரி பிரேக் வச்சுத் தரேன். ஆனா மொதல்ல டாக்டர்கிட்ட காலக் காட்டணும். அவரு ஓட்டலாம்னு சொன்னாத்தான் வேலைய ஆரம்பிப்பேன். அண்ணிகிட்டயும் நீங்களே சொல்லிடணும்."

"டாக்டர்கிட்டனாகூடப் பரவாயில்ல" என்றார் அவர். சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார்.

எந்த வண்டியிலும் முன்னால் மட்டுமே உட்கார்ந்து பழகியவர். சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, சொல்லாமலே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அவள் முன்னால் நகர்ந்தாள்.

பக்கக் கண்ணாடியில் அவர் வலது முழங்கால் தெரிந்தது. முதல் சிக்னலை நெருங்கும்போது அந்தக் கால் விறைத்து, அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தியது, அவள் மிதிக்க நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே. அவள் கவனித்துக்கொண்டாள்.

அடுத்த சிக்னலில் ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணைக் கண்ணாடியிலும் வைத்திருந்தாள். பின்னால் முழங்கால் விறைத்தபோதே முன்னால் அவளும் பெடலை மெல்ல மிதித்தாள். கையில் டீ இருந்திருந்தால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்காது.