அரை மில்லிகூட அசையாத ஓட்டை

எங்கள் கம்பெனிக்கு மெஷின் நிறுவ வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது தன் சைக்கிளை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கியர் சைக்கிள்தான், ஆனால் பார்த்தால் தெரியாது. மூன்று கியரும் பின்சக்கரத்தின் நடுவே தடித்த ஹப்புக்குள் ஒளிந்திருக்கும். செயின் மட்டும் வெட்கமில்லாமல் திறந்து கிடக்கும். என் காக்கி பேன்ட்டை அது இரண்டு முறை கடித்தது. அப்போதெல்லாம் நான் கவலைப்படவில்லை. என் மனைவிக்கு வேலை கிடைத்தபோதுதான் கவலை வந்தது.

சிப்காட்டில் எலக்ட்ரானிக்ஸ் வேலை. திங்கட்கிழமை முதல் நாள். கம்பெனி பஸ் எங்கள் தெருவுக்கு வராது. மெயின் ரோடுவரை சைக்கிளில் போய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். யூனிஃபார்ம் வெள்ளைச் சுடிதார். கறையோடு வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

“மொத நாளே கேட்ல நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா, நாகரசம்பட்டில எங்கப்பா மூஞ்சில நான் முழிக்க முடியாதுங்க.”

நான் இருக்கும்போது என்ன பயம் என்றேன். அதை என் வீட்டில் யாரும் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சைக்கிள் கடையில், செயினை முழுசாக மூடும் தகரக் கவர் ஒன்று வாங்கினேன். சக்கரத்தின் அச்சு வெளியே வரும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பிளவு விட்டிருந்தார்கள். துல்லியமான கருவிகள் செய்யும் டூல்ரூமில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். பார்த்ததும் உடம்பு கூசியது. இதன் வழியே தூசியும் மழையும் போகாதா என்று கடைக்கார பாயிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அது அப்டியே இருக்கட்டும் சார்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. டூல்ரூம்காரன் சைக்கிள் கடையில் சந்தேகம் கேட்பதா?

ஞாயிற்றுக்கிழமை காலை வெர்னியரை எடுத்து அச்சை மூன்று இடத்தில் அளந்தேன். பிளவின் மேல் ஒரு தகட்டை வைத்து, இரண்டு ரிவெட் போதுமான இடத்தில் ஆறு அடித்தேன். தகட்டில் அச்சுக்குச் சரியாக ஒரு வட்ட ஓட்டை போட்டேன். மாட்டியபோது கவர் அரை மில்லிகூட அசையவில்லை. கம்பெனி இன்ஸ்பெக்ஷன்காரர் பார்த்தால் கண்கலங்கியிருப்பார். அவர் இல்லாததால் மனைவியைக் கூப்பிட்டு, வெகுநேரம் விளக்கினேன்.

“ஓடுமா?” என்றாள்.

ஓட்டிப் பார்த்தாள். தெருக்கோடிவரை தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியதுபோல் சத்தம். செயின் தொய்ந்து கவரின் உள்பக்கத்தை அடித்தது. இழுத்து டைட் செய்யலாம் என்று நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். என் ஓட்டை அச்சை விடவில்லை.

“மாசாமாசம் சக்கரத்தப் பின்னால இழுத்துத்தான டைட் பண்ணுவீங்க? அதுக்குத்தானங்க அந்தப் பொளவு?”

மற்ற கியர் சைக்கிள்களில் செயின் தொய்வை ஒரு ஸ்பிரிங் கை இழுத்துப் பிடிக்கும். இதில் அது கிடையாது. சக்கரமே நகர்ந்தாக வேண்டும். இரண்டு வருடமாக என் கையாலேயே நகர்த்தி வந்த விஷயம். ஓட்டையின் அளவு சரிதான் என்று முனகினேன்.

“ஓட்ட கரெக்டுதாங்க. சைக்கிள்தான் தப்பு.”

ரிவெட்டைப் பிடுங்கவும் வழியில்லை, அத்தனை உறுதி. என் வாழ்நாளின் மிக அழகான வட்டத்தை அரத்தால் ராவி, மறுபடி நீளப் பிளவாக்கினேன். அவள் கவரை ஆடாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மாவிடம் என் பெருமையைத் தெலுங்கிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் சிரித்தார்கள். தெலுங்கு புரியாதவன்போல் ராவினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் சக்கரம் பின்னால் வந்தது, செயின் அடங்கியது.

திங்கள் காலை அவள் சத்தமில்லாமல் போனாள். மாலை வாசலில் இறங்கியதும், நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுடிதாரின் கணுக்கால் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பால் வெள்ளை.

“உள்ள விட்டுட்டாங்கங்க. பேன்ட்டப் பாத்தது போதும், வேல எப்டி இருந்துச்சுன்னு கேளுங்க.”

கேட்டேன். ராத்திரிச் சாப்பாடுவரை சொன்னாள்.